இடப்பக்கம் நான் வைத்த பூஜ்யம்

ரஹீம் பாயின் வேலையைப் பறித்தவன் நான்தான். அவர் பற்றவைத்த சென்சாரில் குறை இல்லை. குறை நான் எழுதிய ஒரு வரியில் இருந்தது. ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்...

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சிறிய கம்பெனி. மீன் வைக்கும் குளிர் அறைகளின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி செய்தோம். சென்சாரை வயரோடு சால்டரிங் வைத்துப் பற்றவைப்பது ரஹீம் பாயின் வேலை. அது அனுப்பும் எண்களைப் பதினாறு பதினாறாகக் கூட்டிச் சராசரி காணும் புரோகிராம் எழுதுவது என் வேலை. பதினாறால் வகுக்க மாட்டேன், எண்ணின் பிட்டுகளை, அதாவது கம்ப்யூட்டருக்குள் அது இருக்கும் ஒன்று-பூஜ்ய இலக்கங்களை, வலப்பக்கம் நான்கு இடம் தள்ளிவிடுவேன்; விடை அதேதான். வேகமாம்! திமிர்!

தள்ளினால் இடப்பக்கம் நான்கு இடம் காலியாகும். அங்கே எண்ணின் குறியை நிரப்பினால் மைனஸ் மைனஸாகவே இருக்கும். பூஜ்யத்தை நிரப்பினால் அது பெரிய பிளஸ் ஆகிவிடும். எதை நிரப்புவது என்பதை நான் பயன்படுத்திய லைப்ரரி, அதாவது தயாராகக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பு, எண்வரிசையின் வகையைப் பார்த்துத் தீர்மானிக்கும். நானோ மைனஸே வராத, குறியில்லாத வகை என்று அறிவித்திருந்தேன்.

சோதிக்காமலா விட்டேன்? ஃபேன் காற்றில், சூடான டீயில், ஐஸ் தண்ணீரில்... எல்லாம் சரியாக வந்தது. பூஜ்யத்திற்குக் கீழேயும் குளிர் உண்டு என்பது வியர்வையிலேயே வளர்ந்த இந்தப் புதுச்சேரிக்காரனுக்குத் தோன்றவே இல்லை!

குளிர் அறையில் மைனஸ் பதினெட்டு. திரையில் நாலாயிரத்து எழுபத்தெட்டு டிகிரி!

"வயர்லதான் ஏதோ இருக்கு பாய்," என்றேன்.

வெறும் சட்டையோடு மூன்று முறை உள்ளே போய் மறுபடி மறுபடி பற்றவைத்தார். கதவு திறக்கும்போதெல்லாம் வெண்புகை. அதில் கரைந்து, மீண்டும் உருவாகி வந்தார். புருவமெல்லாம் பனி. சிரித்தார். இன்றும் பட்டப்பகலில் கண்ணை மூடினால் அந்த வெண்மை மெல்ல மிதந்து வருகிறது...

மூன்றாம் முறை அவர் உள்ளே இருந்தபோதுதான் என் வரி கண்ணில் பட்டது. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். மைனஸ் பதினெட்டு வந்தது. வாய் திறந்தேனா? இல்லை!

"மூணு வாட்டி பத்தவெச்சாதான் சரியாவுமா?" என்றார் முதலாளி. அந்த வாரமே பாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

போன மாதம் பெரிய மார்க்கெட்டில் பாயைப் பார்த்தேன்; தன் மச்சானின் பீங்கான் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! அந்த மெஷினு நல்லா ஓடுதா?"

"ஓடுது பாய்."

"அது போதும் சார். என் கைதான் அப்ப எங்கியோ சொதப்பிடுச்சி. அதுலேருந்து சால்டரிங்க தொடவே பயமா இருக்கு."

சொல்லியிருக்கலாம். அவரும் நானும் மட்டுமே இருந்தோம்...

"ரெண்டு கப்பு குடுங்க பாய்," என்றேன்.