மியூவான் திறப்பு விழா

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். போன வருடம், மாணவர்களுக்கு மியூவான் என்ற நுண்துகளைக் கண்ணில் காட்ட ஆசைப்பட்டேன். எலக்ட்ரானுக்கு அண்ணன் முறை. எடைதான் இருநூறு மடங்குக்கு மேல். வானத்தின் உயரத்தில் பிறந்து கூரை, சுவர், நம் மண்டை எதையும் மதிக்காமல் துளைத்துப் போகும். மீன் தொட்டிக்குள் ஆல்கஹால் ஆவி, அடியில் டிரை ஐஸ் இருந்தால் அது போன தடம் வெள்ளை நூலாய்த் தெரியும்.

டிரை ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில் போட்டுத் திருச்சியிலிருந்து பஸ்ஸில் தூக்கி வந்தேன். காலையில் அறையை இருட்டாக்கி டார்ச் அடித்ததும் நூல்கள் ஓடின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தாளாளரே வந்துவிட்டார்.

"இது நம்ம காலேஜுல மட்டும்தான் இருக்கா சார்?"

"எல்லா எடத்துலயும் இருக்குங்க. இப்பக்கூட உங்களைத் துளைச்சுக்கிட்டுப் போவுது."

"அதை வெளியில சொல்லிடாதீங்க."

உடனே அரியலூரிலிருந்த ஒரு கட்சிப் பிரமுகருக்கு போன் போனது. மியூவானுக்குத் திறப்பு விழா. பிரமுகர் வழியில் குன்னத்தில் ஒரு காதுகுத்துக்கு இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து ரிப்பன் வெட்டினார். அதற்குள் டிரை ஐஸ் முழுக்க ஆவியாகியிருந்தது. தொட்டியில் வெறும் இருட்டு.

அவர் குனிந்து பார்த்தார். "அடேயப்பா! ரெண்டு இருக்கும் போல."

"மூணுங்கய்யா," என்றார் தாளாளர்.

"ஐஸ் தீந்துடுச்சுங்க. இப்ப எதுவும் தெரியாது," என்றேன்.

பிரமுகர் பரிவோடு என் தோளைத் தட்டினார். "கண்ணைக் காட்டுங்க சார். சர்க்கரை இருந்தா இப்படித்தான்."

வரிசையில் நின்ற அத்தனை பேராசிரியர்களும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்தது.

மறுவாரமே நெடுஞ்சாலையில் பிளெக்ஸ்: 'தமிழகத்திலேயே மியூவான் உள்ள ஒரே கல்லூரி'. பிரமுகர் படம் பெரிதாக, தாளாளர் படம் அதைவிடப் பெரிதாக. மகளைச் சேர்க்க வந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹாஸ்டல்லயும் மியூவான் உண்டுங்களா?"

"எல்லா ரூமுலயும் உண்டுங்க."

நிம்மதியாகக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டுப் போனார். இயற்பியலுக்கு ஒருத்தரும் வரவில்லை. துறையையே மூடினார்கள். எனக்கு இப்போது அதே கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் வேலை; ஏலாக்குறிச்சிப் பக்கம் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் அந்த அம்மா நோட்டீஸைப் படித்துப் பார்த்தார்.

"நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?"

"பிசிக்ஸுங்க. டாக்டர் பட்டம்."

"ஐயய்ய, வெயில்ல நிக்காதீங்க," என்று உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். மகனை நர்சிங்குக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.