நாரே முதலில் அழுத்திய பாடம்

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை நேரம் மட்டும் எங்கள் கம்ப்யூட்டர் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாட வருகிறவர்களுக்கு இடம் இருக்காது. கல்லூரிப் பிள்ளைகள் அடுத்த பருவத்துப் பாடங்களில் இடம் பிடிக்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தங்கள் விடுதி அறையில் இருக்கும் இணையத்தை யாரும் நம்புவதில்லை. பத்து மணிக்குப் பதிவுப் பக்கம் திறந்தால், நல்ல பாடங்கள் அடுப்பில் வைத்த ராம்யன் நூடுல்ஸ் வேகுமுன் தீர்ந்துவிடும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கடைச் சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு நான் சித்தி.

நாரேயை அப்படி ஒரு காலையில்தான் முதலில் பார்த்தேன். கொரியாவின் தெற்குக் கடலில் இருக்கும் வாண்டோ தீவுப் பெண். கட்டுமானப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டாள். அவள் மதிப்பெண்ணுக்குச் சீன இலக்கியம்தான் கிடைத்தது. ஒரு வருடம் முடிந்தால் துறை மாற விண்ணப்பிக்கலாம். அந்த வருடத்து மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களை மூத்தவர்கள் கூட்டிவந்து பாடம் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுப்பது இங்கே வழக்கம். நாரேக்கு வாய்த்தவள் யேரின், அதே துறையில் இரண்டாம் ஆண்டு.

"இங்க பாரு, மேல இருக்கறது மூணும் தேன் பாடம். தேநீரும் வாழ்க்கையும், சினிமா ரசனை, நடைப்பயிற்சி. போய் உக்காந்தாலே ஏ ப்ளஸ். முதல்ல தேநீர அழுத்து. நுண்கணிதத்தத் தொடாத."

"கட்டுமானத்துக்குப் போனா நுண்கணிதம் வேணுமேக்கா."

"போனப்புறம் வேணும். போறதுக்கே எதுக்குடி? அந்த வகுப்புல எல்லாம் அறிவியல் படிச்சு வந்த பசங்க. ஏ கொடுக்கறதே பாதிப் பேருக்குக் கம்மி. நீ பள்ளிக்கூடத்துல வரலாறு படிச்சிட்டு வந்தவ. உன்ன மிதிச்சு ஏறிப் போயிடுவாங்க."

நாரே என் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "சித்தி, என் ராம்யன்ல முட்டை போடுங்க" என்றாள்.

யேரின் சொன்னதில் தப்பில்லை. எல்லாவற்றையும் பிடிக்க யாராலும் ஆகாது. முதலில் அழுத்துவது கிடைக்கும், அடுத்தது கிடைத்தால் அதிர்ஷ்டம். நுண்கணிதத்தில் வெளித்துறைக்காரர்களுக்கு இருப்பதோ கொஞ்சம் இடம்தான்.

பத்து அடித்தது. உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று எல்லாத் திரையிலும் எண் வந்தது. அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பொறுமை இல்லாமல் ரெஃப்ரெஷ் அழுத்தினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார்கள்.

"யாரும் ரெஃப்ரெஷ் அழுத்தாதீங்க. அழுத்தினவங்க கைய உடைச்சிடுவேன்" என்று யேரின் கத்திக்கொண்டே இருந்தாள்.

நாரேயின் பக்கம் முதலில் திறந்தது. யேரின் எட்டிப் பார்த்தாள். நாரேயின் அம்புக்குறி தேநீரைத் தாண்டி, சினிமாவைத் தாண்டி, கீழே நுண்கணிதத்தில் போய் நின்றது. அழுத்திவிட்டாள். கிடைத்துவிட்டது. அடுத்து இயற்பியல்.

"ஏய், என்னடி பண்ற?" என்று யேரின் பதறியதில் அவள் கை தன் விசைப்பலகையில் விழுந்தது. பழகின கை, சரியாக ரெஃப்ரெஷில்தான் விழுந்தது. அவள் எண் ஆயிரங்களுக்கு ஏறியது. சுற்றி இருந்த பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"உன்னால என் தேநீர் போச்சு."

"நான் உங்க கம்ப்யூட்டரத் தொடவே இல்லயேக்கா."

"கொழுப்புடி உனக்கு. சி வாங்கிட்டு வந்து அழுவ பாரு."

"அழுதா இங்க வந்து அழ மாட்டேன்."

சி ப்ளஸ்தான் வாங்கினாள். அந்த வருடம் முழுக்க மத்தியான வேளைகளில் மூலை மேசைக்கு வருவாள். கம்ப்யூட்டரைப் போடவே மாட்டாள், கணக்குதான். அழித்து அழித்துத் தாள் கிழியும். கோடை விடுமுறைக்கு ஊருக்குக்கூடப் போகவில்லை. இரண்டாம் பருவத்தில் நுண்கணிதத்தின் அடுத்த பகுதியை எடுத்தாள், அதில் பி. ஜனவரியில் துறை மாறியவர்கள் பட்டியல் வந்தது. நாரே பெயர் இல்லை. தேன் பாடமாகப் பொறுக்கி எடுத்த அவள் வகுப்புப் பெண் ஒருத்தி பெயர் இருந்தது.

யேரின் அன்றைக்குத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னத கேட்டிருந்தா இந்நேரம் அங்க இருந்திருப்ப" என்றாள்.

"இருந்திருப்பேன். உக்காந்து முழிச்சிட்டு இருந்திருப்பேன்."

"முழிச்சாலும் உள்ள இருந்து முழிக்கலாம்ல. இன்னும் ஒரு தடவதான் விண்ணப்பிக்க முடியும், தெரியுமா? இந்த வருஷமாவது மார்க்க ஏத்து."

"ஏத்தறேங்க்கா. கட்டுமானக்காரங்க பாடத்துலயே ஏத்தறேன்."

மறுபடியும் பிப்ரவரி. நாரே தனியாக வந்தாள். கட்டுமானத் துறையின் இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்றை, பொருள்களின் வலிமை என்று பெயர், தன் பட்டியலில் மேலே வைத்திருந்தாள். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் அம்மா கூப்பிட்டாள். கடை இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு நாரே பேசியது எனக்கும் கேட்டது.

"ஆமாம்மா, அதேதான்... இல்ல, சீனமும் படிக்கிறேன், அதுல ஏ கிரேடுதான் வாங்கியிருக்கேன்... எதுக்கு வெட்கப்படணும்? பட்டியல்ல பேர் இல்லன்னுதான் போட்டாங்க. வகுப்புக்கு வராதன்னு போடலயே... சரி, வை. திறக்கப் போகுது."

பக்கம் திறந்ததும் அந்தப் பாடத்தைத்தான் முதலில் அழுத்தினாள்.