பாதி மாத்திரை

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் லாரிகளில் ஜல்லி ஏற்றும் வேலையில் இருந்தேன். காலில் கல் விழுந்து சீழ் பிடித்ததால் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். மருந்து கொடுத்த கம்பவுண்டரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்டிய கன்னம், கறுகறுவென்று படிய வாரிய தலை. சீட்டைப் பார்ப்பதற்கு முன் வந்தவரின் தலைமுடியைப் பார்ப்பார். நரை தெரிந்தால் மாத்திரையை நகத்தால் பாதியாக உடைத்துவிடுவார். அதனால் வயதானவர்கள் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு ரத்தக்கொதிப்பு. போன வாரம்தான் வயலில் மயங்கி விழுந்திருந்தார்.

“முண்டாச அவுத்துட்டுப் பேசு,” என்றார் கம்பவுண்டர்.

“முழுசா குடு நைனா. பாதி போட்டா தலை சுத்துது.”

“மெட்ராஸ்லேர்ந்து வர்ற மருந்துப் பொட்டி அதே சைசுதான். ஊர்ல கெழடுங்கதான் ஏறிக்கினே போவுது. வேலைக்குப் போறவனுக்கு அப்புறம் நான் இன்னாத்த குடுக்கிறது?”

பெரியவர் முண்டாசை அவிழ்த்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது.

“உன் காதாண்ட சாயம் ஒழுவுது, தொடச்சிக்க,” என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கம்பவுண்டர் காதோரத்தைத் துடைத்தார். விரல் கறுப்பானது. அதே விரலால் மாத்திரையை உடைத்து, பாதியைப் பெரியவர் கையில் வைத்தார். வெள்ளை மாத்திரையில் கறுப்புத் தடம் இருந்தது.

எனக்கு முழு மாத்திரைகளே கிடைத்தன. கால் ஆறிவிட்டது. அந்த ஆள் மேல் இருந்த வெறுப்பு மட்டும் ஆறவில்லை.

இப்போது என் தலையும் நரைத்துவிட்டது. எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்கிறேன்.