வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்

என் மகளை மலையேறும் பயிற்சியில் சேர்க்க நான் போட வேண்டியிருந்தது ஒரு கையெழுத்துதான். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை யாரிடமும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. பேச வராதவனுக்கு எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நான் பாலக்கரையில் குடியிருப்பவன். வெங்காய மண்டியில் எடை போடும் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மகள் அப்போது தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, பள்ளியில் கடைசி வருஷம். சீனச் சண்டைக்குப் பிறகு பள்ளிகளில் காக்கி உடுப்பும் அணிவகுப்பும் வந்திருந்தன. அவளும் அதில் சேர்ந்திருந்தாள். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டிக்காரரிடம் கொடுக்காமல் செம்பில் நெருப்புப் போட்டு அவளே தேய்த்துக்கொள்வாள்.

அந்த வருஷம் நீலகிரிப் பக்கம் மாணவிகளுக்கு இருபது நாள் பயிற்சி ஒன்று நடப்பதாகப் பள்ளிக்குக் கடிதம் வந்தது. பாறையில் கயிறு கட்டி ஏறுவது, காட்டில் திசை பார்த்து நடப்பது, கூடாரத்தில் தங்குவது. பள்ளிக்கு ஒரு பெண்தான் போகலாம். டிரில் டீச்சர் ஆறு பேரை முக்கொம்புக்குக் கூட்டிப்போய் மரத்துக்கு மரம் கயிறு கட்டி ஏறவிட்டார். முதுகில் மூட்டையைக் கட்டி ஆற்று மணலில் நடக்கவிட்டார். என் மகள்தான் முதலாவதாக வந்தாள்.

அன்று சாயங்காலம் உள்ளங்கை இரண்டையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்லப்பா. கிடுகிடுன்னு ஏறிட்டேன். மேல போயி கீழ பாத்தா டீச்சர் இத்துனூண்டு தெரியறாங்க!"

அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை படிவத்தைக் கொண்டுவந்தாள். இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அவள்தான் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். என் மகளை என் முழுச் சம்மதத்தோடு அனுப்புகிறேன், அவள் உடலுக்கோ உயிருக்கோ என்ன நேர்ந்தாலும் யாரையும் பொறுப்பாக்க மாட்டேன் என்று கடைசியில் ஒரு வரி.

என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "பெத்த புள்ளைக்கு இப்படி ஒரு வரிய எவனாச்சும் எழுதிக் குடுப்பானா?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா அச்சடிச்சிருக்காங்க."

மனைவி கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "ஆசப்படுறா. போட்டுக் குடுங்க. நான் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிறேன்" என்றாள்.

நான் பேனாவை எடுத்தேன். மகள் தடுத்தாள்.

"இங்க இல்லப்பா. நீங்க ஸ்கூலுக்கு வரணும். ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடிதான் போடணுமாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள போடலேன்னா ரெண்டாவதா வந்த பொண்ணு பேரை அனுப்பிடுவாங்களாம்."

அந்தப் பள்ளிக்குள் நான் ஒரு முறைகூடப் போனதில்லை. அவளைச் சேர்க்கப் போனதுகூட மைத்துனர்தான். என் கையெழுத்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து வரைந்து வரும். மண்டியில் ஆள் பதிவு நோட்டில் போடும்போதே பின்னால் நிற்பவர்கள், "என்னண்ணே, கோலம் போட்டு முடிச்சாச்சா?" என்பார்கள். படித்த ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, என் கை எப்படி நகரும் என்று நினைத்தேன்.

ஆனால் நான் சொன்னது வேறு. "செவ்வாய்க்கிழமை ஒண்ணும் ஆரம்பிக்க வேணாம்மா. நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. உசுரு கிசுருன்னு எழுதியிருக்கு பாரு, நல்ல நாள் பாத்துதான் போடணும். வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

மனைவி அதை ஒப்புக்கொண்டாள். மகளும் தலையாட்டினாள். நாள்காட்டியைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு மட்டும் தெரியும், எனக்கு வேண்டியிருந்தது நல்ல நாள் இல்லை, மூன்று நாள் தவணை.

மண்டியில் அரை நாள் லீவு சொன்னேன். எப்படியோ சேதி பரவியிருந்தது. "பொண்ணு மலை ஏறப் போவுதாமே? மாப்பிள்ளையையும் அங்கேயே பாக்கச் சொல்லுங்க, குரங்குதான் நெறைய இருக்குமாம்" என்றார் மூட்டை தூக்குபவர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அது கழிந்ததும் வெங்காய வாடை போகத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே ஒரு பெரிய மாடிக் கட்டடம். டீச்சர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் போய் ஒரு சோடா குடித்தேன். தெருக்கோடிவரை நடந்து திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். இப்படி ஐந்தாறு தடவை. மூன்று மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும் என்பது ஞாபகம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். வாசலில் காலை வைத்தேன். வாட்ச்மேன், "யாரப் பாக்கணும்?" என்றார். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை.

"யாரையும் இல்லைங்க" என்றேன்.

திரும்பி வேகமாக நடந்தேன். வந்த பஸ்ஸில் ஏறினேன். அது ஸ்ரீரங்கம் போகிற பஸ். அம்மா மண்டபத்தில் இறங்கிப் படித்துறையில் உட்கார்ந்தேன். தர்ப்பணச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் என் முகத்தைப் பார்த்து, "திதியா? நாழியாயிடுத்தே. நாளைக்குக் கார்த்தால வாரும்" என்றார். "இல்லைங்க சாமி" என்றேன். வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தேன். மணி நாலு ஆனதும் தெரிந்தது, அது தாண்டியதும் தெரிந்தது.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் தயார் செய்திருந்த பொய்யைச் சொன்னேன். "லாரி வந்துடுச்சும்மா. மொதலாளி விடமாட்டேன்னுட்டாரு."

மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரிப்பா" என்றாள்.

மனைவி என் சட்டையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையில் ஒரு வெங்காயச் சருகுகூட இல்லை. சோறு போடத் தட்டை எடுத்து வைத்தாள்.

மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கே போய் நின்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் பயந்தது இந்த அம்மாளுக்குத்தான்.

"கையெழுத்துப் போட வந்தேங்க."

"சனிக்கிழமையே இன்னொரு பொண்ணு பேரைத் தபால்ல அனுப்பியாச்சுங்களே" என்றார். "அன்னிக்கு உங்களுக்கு என்னங்க ஆச்சு? உங்க பொண்ணு மத்தியானத்துலேர்ந்து மாடி வராந்தாவில நின்னு வாசலையே பாத்துட்டிருந்தா. 'எங்கப்பா வந்துட்டாரு, மிஸ்'னு கத்திட்டுப் படியில குதிச்சு ஓடினா. கொஞ்ச நேரங்கழிச்சுத் தனியா வந்தா. அப்பாவுக்கு மலையெல்லாம் இஷ்டமில்லேன்னு சொன்னா."

நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்படியானால் நான் சோடா குடித்ததையும், தெருவில் நடந்து நடந்து திரும்பியதையும் மேலிருந்தும், ஓடியதைக் கீழே வந்தும் அவள் பார்த்திருக்கிறாள். அதன் பிறகுதான் லாரிக் கதையைக் கேட்டுச் சரிப்பா என்றிருக்கிறாள். அவள் அழுதிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், நான் காலில்கூட விழுந்திருப்பேன். அவள் எனக்கு அந்த இடத்தைக் கொடுக்கவே இல்லை. பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும் என்று நானும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அந்த இன்னொரு பெண் போய்வந்தாள். பள்ளியில் அவளுக்குக் கைதட்டினார்களாம். அடுத்த வாரம் என் மகள் காக்கி உடுப்பைத் துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பரீட்சை எழுதினாள். தேறினாள்.

போன ஆனி மாதம் ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். தகப்பனார் அல்லது தாயார் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று அதிலும் இருந்தது. என் மனைவிக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வைத்தால் போதுமா என்று மகள் முன்கூட்டியே போய் விசாரித்துவிட்டு வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்று எனக்கு லீவு. சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"போயிட்டு வரேம்ப்பா" என்றாள்.