நாலாவது பிஸ்டன்

ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பொருள் வெளியே போக வேண்டுமானால் விண்ணப்பம் வேண்டும், மேலதிகாரியின் குறிப்பு வேண்டும், மூன்று பிரதிகளில் கேட் பாஸ் வேண்டும், வாசலில் காவலாளியின் கையெழுத்து வேண்டும். தணிக்கைப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவள் நான். இதில் ஒன்று குறைந்தாலும் ஆட்சேபம் எழுதியிருக்கிறேன். ஆனால் நானே முதன்முதலாக வெளியே கொண்டுவந்த பொருளுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஐம்பதுகளின் தொடக்கம். நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு மில்லில் வேலை போயிருந்தது. மாமிக்கு ஏழாம் மாதம். எண்ணூரில் ஓர் உப்பு வியாபாரியின் கொட்டகையில் கிடந்த பழைய இங்கிலீஷ் காரை, மாமியின் வளையல்களை விற்று மாமா வாங்கினார். டாக்சி ஓட்ட அனுமதியும் பெற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி ரத்து. வண்டி ஓடாது என்பது ஒன்றுதான் குறை.

எங்கள் வீட்டுப் பின்புறம், துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் எஞ்சின் பிரிந்து கிடந்தது. நாலு பிஸ்டன்களில் மூன்று தேறும் என்றார் மாமா. நாலாவதன் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்தக் காரைச் செய்த கம்பெனியோ யுத்தத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டது.

மாமா மூர் மார்க்கெட்டில் தேடினார். பேசின் பிரிட்ஜ் பக்கம் லாரி பட்டறைகளில் தேடினார். ஒருமுறை வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயின் காயலான் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். பாய் உடைந்த பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாமு, இதுக்கா ஜோடி கேக்குறே? இதும் ஜோடியெல்லாம் மௌத்தாயி எத்தினியோ வருசம் ஆவுது."

"தமாசு வாணாம் பாய். மாசக் கடைசிக்குள்ள வண்டி நிக்கணும்."

"நிக்கிறதுக்கு இன்னா? இப்பவும் நின்னுகினுதானே கீது!"

சிரித்தாலும், மிலிட்டரி லாரியின் பிஸ்டன் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார், கடைசல் பட்டறையில் இழைத்துப் பார் என்று. இழைத்தார்கள். சுற்றளவு சரியாக வந்தது, உயரம் வரவில்லை. மேலே போய் முட்டியது. மாமா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டின்போது அப்பா வாய் தவறிச் சொன்னார், "இந்த மாதிரி ஒண்ணு எங்க மேனேஜர் மேஜையில இருக்கு."

அப்பா துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்குக் கம்பெனியில் இருப்புக் கணக்கர். முன்பிருந்த வெள்ளைக்கார மேனேஜரிடம் இதே கார் இருந்ததாம். ஊருக்குக் கப்பல் ஏறும்போது, உபயோகிக்காத பிஸ்டன் ஒன்றை மேஜையிலேயே விட்டுப் போய்விட்டார். அது காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்குப் பாதி சோற்றோடு கை நின்றது. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். "மாமா! அதும் தலையில ஒரு நெம்பர் போட்டிருக்கும், பாத்துகினு வாங்க!"

அப்பா எண்ணை எழுதிக்கொண்டு வந்தார். அச்சு அசல் அதே எண்.

"கேட்டு வாங்குங்க மாமா."

"கேட்டேன். கல்கத்தா ஹெட் ஆபீசுக்கு எழுதணுமாம். பதில் வர மூணு மாசம் ஆகும்."

"ஒரு கல்லைக் கொண்டுபோய் அந்த எடத்துல வெச்சா போச்சு."

"லிஸ்ட் எழுதின கை இது. 'காகித எடை, உலோகம், ஒன்று.' கல்லுன்னு எழுதலை."

பேச்சு வளர்ந்தது. மாமா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அம்மா எச்சில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு துவைக்கும் கல் பக்கம் போனாள்.

பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. மறுநாள் கேரியர் வழக்கத்தைவிடக் கனத்தது. இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் போனேன். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தார். அடித்தட்டைத் திறந்தவர் உடனே மூடிவிட்டார். அவருக்குப் பிடிக்காத பாகற்காயை அம்மா வைத்திருப்பாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் சாப்பிடப் போயிருந்த நேரம். கேரியரை மறுபடி அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து என்னிடமே கொடுத்தார். மற்ற நாட்களில் காலிக் கேரியரை மாலையில் அவரேதான் எடுத்து வருவார், வாசலில் காவலாளிக்குத் திறந்து காட்டிவிட்டு.

"நேரா வீட்டுக்குப் போ. எங்கயும் நிக்காத," என்றார்.

வாசலில் காவலாளி மறித்தார். "இன்னா பாப்பா, நைனா துன்னாரா?"

"துன்னவேயில்ல. அப்பிடியே கனமா கீது."

"ஐயே, வூட்ல சண்டையா? போ போ, அம்மாவ நாளைக்கு மீன் கொழம்பு வெக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் புகார் சொன்னேன், அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று. அம்மா அடித்தட்டைத் திறந்தாள். பழைய காகிதத்தில் சுற்றி ஒரு பிஸ்டன் இருந்தது, வெடிப்பு இல்லாமல். துவைக்கும் கல்லின்மேல் கிடந்த உடைந்த பிஸ்டனைக் காணவில்லை. அம்மா தொட்டுப் பார்த்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பட்டினி கிடந்ததற்காக அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 'காகித எடை, உலோகம், ஒன்று' என்பதற்கு நேரே அப்பா 'இருப்பு சரி' என்றுதான் எழுதியிருப்பார். நானே தணிக்கைக்குப் போயிருந்தாலும் அதில் குறை கண்டிருக்க முடியாது.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக வண்டி புகையோடும் இரைச்சலோடும் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓடியது. மேனேஜர் மனமிரங்கிவிட்டார் என்று அம்மா சொன்னதை மாமா நம்பினார். முதல் சவாரியாக எங்கள் எல்லோரையும் திருவொற்றியூர் கோயிலுக்கு அழைத்துப்போக வந்தார். அப்பா வேலை இருக்கிறது என்றார். அதற்குப் பிறகும் அவர் அந்த வண்டியில் ஏறவில்லை. மழையில் மாமா பக்கத்தில் ஊர்ந்துவந்து கதவைத் திறந்தாலும், குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்துபோவார்.

ஒருநாள் மாமாவிடம் கேட்டே விட்டேன். "அப்பாவுக்கு உன்மேல இன்னும் கோவமா மாமா?"

"அவருக்கா? கேட்டு வாங்கிக் குடுத்ததே அவருதானே!"

அப்படியானால் ஏன் ஏறமாட்டேன் என்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குக் காரில் போனால் தலை சுற்றும் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, அவருக்காக விட்டிருந்த முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.