பிள்ளை அழ அழக் குறைந்த சாப்பாடு

மல்லியும் மிளகும் சீரகமும் ஒரே சட்டியில் வறுபட்டு, அதோடு வேர்க்கொம்பு எனும் சுக்கும் சேர்த்து இடிபடும்போது எழுகின்ற அந்தக் கார வாசம் வேலிக்கு மேலால் வந்தால், அந்த வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைப்பதற்கான "சரக்கு" அது. மற்றவர்களுக்கு அது சந்தோஷமான வாசம். எனக்கோ அந்த வாசம் பட்டதும் கோபம் வரும். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

தம்பி பிறந்தபோது நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இரணைமடு வாய்க்காலை அண்டிய குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வீடு. அப்பாவின் ஆட்கள் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர்கள். அம்மாவின் ஆட்களோ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து, அதே வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பா அம்மாவை விரும்பிக் கட்டினார். நான் பிறந்த பிறகு அப்பாவின் வீட்டார் அம்மாவை ஏற்றுக்கொண்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வளவுக்குள் குடியிருக்க விட்டார்கள் என்பதுதான் சரி.

நான் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தவள். அங்கே எல்லோருக்கும் என்ன சமைத்தார்களோ அதையே தனக்கும் தந்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தம்பி பிறப்பதற்குள் அந்த வீடு வெறிச்சோடிவிட்டது, அவர்கள் திரும்பவும் மலைக்கே போய்விட்டார்கள். ஆகவே அம்மாவின் பத்தியம் முழுவதும் பெரியமாமியின் கைக்குப் போனது. பெரியமாமி அப்பாவின் தமக்கை. முள்ளியவளையில் கலியாணம் கட்டிப் போய், ஏதோ காரணத்தால் தனியே திரும்பிவந்து எங்களோடு இருந்தவர். அந்தக் காரணத்தை வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அவரைக் கொடுமைக்காரி என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை இலகுவாகிவிடும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. விடியற்காலையில் எழும்பி இலைகள் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து அம்மாவைக் குளிக்க வார்ப்பார், பிள்ளையின் துணிகளைத் தன் கையாலேயே துவைப்பார், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றம் முழுக்க நடப்பார்.

தம்பி பின்னேரங்களில் அழுவான். வெயில் தாழத் தொடங்கினால் அவனும் தொடங்குவான். முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, குரல் கம்மும்வரை அழுவான். அழுகை கேட்டதும் பெரியமாமி அறை வாசலில் வந்து நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"என்ன திண்டனி?"

அவர் கொடுத்ததைத்தான் அம்மா சாப்பிட்டிருப்பார் என்பது அவருக்கே தெரியும். இருந்தும் கேட்பார். முதலில் கத்தரிக்காய் நின்றது, அது பிள்ளையின் தோலில் புண் போடும் "கிரந்தி". தக்காளியும் அப்படித்தான். பருப்பு "வாயு" என்று நின்றது. பிறகு முட்டை நின்றது. மீனின் மணம் பாலுக்குள் இறங்குகிறது என்று முன்வீட்டு அன்ரி வந்து சொன்னதும் மீன் நின்றது. முருங்கைக்காய் சூடு என்று இன்னொருவர் சொன்னார். பிள்ளை பார்க்க வந்த பெண்கள் சவர்க்காரமும் சின்னச் சட்டையும் கொண்டுவந்து தந்துவிட்டு, போகும்போது ஆளுக்கொரு சாப்பாட்டை அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மத்தியானத்தில் கொஞ்சச் சோறும் தண்ணீராக ஓடும் சரக்குக் கறியும்தான் மிஞ்சின. இரவில் சோறு கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதால் பேக்கரியில் வாங்கி நெருப்பில் வாட்டிய இரண்டு துண்டு பாண், அதோடு உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய பசுப்பால் ஒரு பெரிய பேணி நிறைய. அந்தப் பாலைப் பெரியமாமி தானே ஆற்றி, கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

அதே நேரத்தில் அப்பா விறாந்தையில் கதிரையைப் போட்டு விளைமீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியுமாகச் சாப்பிடுவார். குழம்பு வாசம் அறைக்குள் வரும். அம்மா பாணை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, "எனக்குக் கொஞ்சம் சோறு தரச் சொல்லுங்கோவன்" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. அப்பா கைகழுவிக்கொண்டே, "அக்கா உன்ர நன்மைக்குத்தானே சொல்லுறா" என்றார். வயிறு நிறைந்த மனிதர் பசித்தவளிடம் நன்மையைப் பற்றிப் பேசிய அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

அம்மா உருகிக்கொண்டே போனார். தோளெலும்பு துருத்தியது, தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது, எழுந்து நின்றால் சுவரைப் பிடித்தார். தம்பி கொஞ்சம் உறிஞ்சுவான், விடுவான், வீரிடுவான். அவன் வீரிட வீரிட இன்னொரு சாப்பாடு நிற்கும், அம்மாவுக்குப் பால் இன்னும் குறையும், அவன் இன்னும் அழுவான். பள்ளிக்கூடம் போகிற எனக்கே அது சின்னக் கணக்காகத் தெரிந்தது. வளர்ந்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த தாதி மிஸ்ஸி, பிள்ளையின் நிறை ஏறவில்லை, தாய் எல்லாம் சாப்பிட வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்லியனுப்பினார். வீடு வந்து சேர்வதற்குள் பெரியமாமி அதைத் தள்ளிவிட்டார். "அவைக்குப் புத்தகம் தெரியும். பிள்ளையின்ர வயிறு தெரியுமோ?"

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரியமாமி கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா தம்பியை என் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். சோற்றை அடுப்பில் வைத்தார். பின்வளவில் கத்தரியும் தக்காளியும் காய்த்துக் கிடந்தன. தக்காளியைப் பிய்த்துப் போட்டுப் பருப்பை அவித்தார், கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கினார், ஒரு முட்டையும் பொரித்தார். தம்பி என் மடியில் அழுதபடியே இருந்தான். அம்மா நிலத்தில் உட்கார்ந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து, சூடு ஆற முன்னமே சாப்பிடத் தொடங்கினார். ஒருவர் அப்படிச் சாப்பிட்டதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, அதைத் துடைக்காமல், கவளம் கவளமாக உள்ளே தள்ளினார்.

அப்போதுதான் பெரியமாமி திருநீறும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"பவளம்! என்ன செய்யிறாய்?"

"சாப்பிடுறன் மச்சாள்."

"தக்காளி, கத்தரிக்காய்... உனக்கென்ன விசரோ?" அவர் ஓடிவந்து கோப்பையைப் பிடித்தார். அம்மா விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாள்முதல் பழகிக்கொண்ட பேச்செல்லாம் அந்தக் கணத்தில் அம்மாவின் வாயிலிருந்து உதிர்ந்துபோய், மலையில் பிறந்த பேச்சு வெளியே வந்தது.

"விடுங்க. எனக்குப் பசிக்குது. புள்ளைக்கும் பசிக்குது. ரெண்டு பேரும் பசியில அழுவுறோம், நீங்க எல்லாரும் சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"பிள்ளையைக் கொல்லாதை பவளம்!" பெரியமாமியின் குரல் கிழிந்தது. "இறால் திண்டு நான் என்ர பிள்ளையைக் கொண்டமாதிரி நீயும் கொல்லாதை!"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆர் சொன்னது அப்படி?"

"மாமியார் சொன்னவா. எல்லாரும் சொன்னவை. நாயாத்துக் கடற்கரையிலயிருந்து சொந்தக்காரர் இறால் கொண்டந்தவை. ஆசையில கொஞ்சம் திண்டிட்டன்."

"பிள்ளைக்கு என்ன வந்தது?"

"காய்ச்சல். உடம்பு நெருப்பாக் கொதிச்சது. மழை வெள்ளம், றோட்டெல்லாம் தண்ணி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலேல்லை."

"அப்ப காய்ச்சல்தானே மச்சாள்."

பெரியமாமி சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், உன் வாய்தான் அதைக் கொன்றது என்று சொல்லி, அந்தக் குற்றத்தையும் தலையில் ஏற்றி, பிள்ளைதின்னி என்று பெயரும் வைத்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் வீட்டில் யாரும் கதைக்காத காரணம். அத்தனை நாளும் பெரியமாமி மேல் வைத்திருந்த என் கோபம் அன்று அவரை விட்டு விலகி, நான் முகம் அறியாத ஒரு கூட்டத்தின் மேல் போனது. இன்னும் அங்கேதான் நிற்கிறது.

பெரியமாமி எழும்பி வந்து தம்பியை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். "சோறு ஆறுது. தின்" என்றார்.

அன்று வயலால் வந்த அப்பா விஷயம் அறிந்து, "அக்கா சொல்லுறதைக் கேட்டிருக்கலாம்" என்று அம்மாவிடம் இழுத்தார். "நீ வாயைப் பொத்து" என்று பெரியமாமி சொன்னார்.

தம்பி மெல்ல மெல்லத் தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. ஆனால் பின்னேர அழுகை குறைந்ததே தவிர நிற்கவில்லை. சில பிள்ளைகளுக்குத் தாய் சாப்பிடும் ஏதோவொன்று ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டுதான். அதை அறிய எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை. அம்மா ஒவ்வொரு சாப்பாடாகச் சில நாள் விட்டுப் பார்த்தார், திரும்பச் சாப்பிட்டும் பார்த்தார். கடைசியில் பிடிபட்டது பெரியமாமி ஆற்றித் தந்த அந்தப் பசுப்பால். அதை விட்டதும் தம்பி கால் மடக்குவது நின்றது. அம்மா அதைப் பெரியமாமியிடம் சொல்லவேயில்லை. "பால் எனக்குக் குமட்டுது மச்சாள்" என்று மட்டும் சொன்னார். வருடங்கள் கழித்து நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதுதான் எனக்குச் சொன்னார். "அவா ஏற்கெனவே ஒரு பழியைச் சுமக்கிறா, இன்னொண்டு ஏன்?" என்றார்.

வயதுபோய்ப் படுக்கையில் கிடந்த காலத்தில் பெரியமாமி அடிக்கடி கேட்பார். "பவளம், உண்மையா அது காய்ச்சல்தானே?" அம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து சொல்வார். "ஓம் மச்சாள், காய்ச்சல்தான்." அடுத்த நாளும் கேட்பார். அம்மாவும் அலுக்காமல் சொல்வார்.

இன்று இரண்டு பேரும் இல்லை. அந்தக் குசினி இருந்த இடத்தில் பற்றை மண்டிக்கிடக்கிறது. உரலில் சரக்கு இடிப்பவர்களும் அருகிவிட்டார்கள், கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. போக வேண்டியது மட்டும் போகவில்லை. இப்போது நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் முதல் பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண். பிள்ளை அழுதால் வீட்டுக்கு வருபவர்கள் என்ன சாப்பிட்டாய் என்று அவளிடம் கணக்குக் கேட்கிறார்கள். கைத்தொலைபேசியில் வரும் காணொளிகள் வேறு, முன்வீட்டு அன்ரியின் வேலையைச் செய்கின்றன. போன கிழமை ஒரு பின்னேரம் போயிருந்தேன். பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"பிள்ளை, இரவுக்கு என்ன சாப்பிடப் போறாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டு துண்டு பாண், அன்ரி" என்றாள்.

பேசியிருந்தால் கத்தியிருப்பேன். வீட்டுக்கு வந்து சிவப்பரிசிச் சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும் மீன்குழம்பும் சமைத்துக் கொண்டுபோய், அவளுடைய மாமியார் பார்த்திருக்கவே அவள் முன்னால் வைத்தேன். "என்ர பொறுப்பு" என்று மாமியாரிடம் சொன்னேன். அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். பிள்ளை அழுதது. பால் குடித்தது, நித்திரையானது. எழும்பித் திரும்பவும் அழுதது. மாமியார் என்னைப் பார்த்தார்.

"பிள்ளையள் எண்டால் அழும்தானே" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "நீ இன்னும் கொஞ்சம் சோறு போடு, பிள்ளை."