தட்டையின் தலையில் எவ்வளவு வாடகை?

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் முரளி சாப்பிட வந்தான். சாப்பிட்டுவிட்டுச் சும்மா போயிருக்கலாம்... எங்கள் வியாபாரக் கணக்கைப் பார்க்க லேப்டாப்பைத் திறந்தான்.

முரளி ஒரு கம்பெனியில் காஸ்ட் அக்கவுன்டன்ட். ஒரு பொருளைச் செய்ய என்ன அடக்கம் ஆகிறது என்று பார்க்கிற உத்தியோகம். நானோ எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிற உங்களுக்கு இது புதிதல்ல.

எங்கள் பேட்டையான லோத்குண்டாவில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, நானும் மனைவி கலாவும் சாம்பார்ப் பொடியும் தட்டையும் செய்து விற்கிறோம். பொடியை மெஷின் அரைத்துவிடும். தட்டைக்கு, கூலிக்கு வரும் யாதம்மா. ஈரத் துணியில் மாவு உருண்டையை வைத்து, டம்ளர் அடியால் ஓர் அழுத்து! பக்கத்துத் திருமுல்கேரி வரை அதை வாங்க ஆள் இருக்கிறது.

"மாமா, தட்டையில நஷ்டம்" என்றான் முரளி.

நான் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். "எப்படிப்பா? கிலோ முன்னூத்தி இருபதுக்கு விக்கிறோம். மாவு, எண்ணெய், கேஸ், யாதம்மா கூலி எல்லாம் சேர்த்து இருநூத்தி நாப்பதுதானே?"

"ஷெட் வாடகைய யாரு சேக்கறது? எதுக்கு எவ்வளவு நேரம் வேலை நடக்குதோ, அதை வெச்சு வாடகைய பிரிச்சேன். தட்டைக்குத்தான் நேரம் ஜாஸ்தி. கிலோவுக்கு நூறு ரூபா அது தலையில விழுது."

ஆக, கிலோவுக்கு இருபது ரூபாய் கையை விட்டுப் போகிறது. தீபாவளிக்குக் கூடுதலாக விற்றோம் என்று ஸ்வீட் வேறு வாங்கிச் சாப்பிட்டோமே!

திங்கட்கிழமை மென்று முழுங்கி யாதம்மாவிடம் சொன்னேன் — தட்டையை நிறுத்தலாம் என்றிருக்கிறேன்.

"செக்கலு நிறுத்தினா நான் எங்க போறது சார்?" என்றாள். தட்டைக்கு அவள் தெலுங்கில் செக்கலு. "பாப்பா இப்பதானே காலேஜ்ல சேந்துச்சு."

கலா கரண்டியோடு வந்தாள். "அவன் கணக்குப் போட்டான், சரி. நீங்க எதுக்கு அவகிட்ட வாயைத் திறந்தீங்க?"

எதற்குத் திறந்தேன்? பயம். பயம் வந்தால் எனக்கு முதலில் வாய்தான் திறக்கும்.

அத்தோடு விட்டேனா? ஷெட் ஓனரிடம் போனேன். பெரியவர், சாயா குடித்துக்கொண்டிருந்தார். "பாய், தட்டையை நிறுத்தப் போறோம். அதோட பங்கு வாடகையைக் குறைச்சுக்குங்க" என்றேன். நியாயம்தானே? தட்டை தலையில் விழுந்த வாடகை, தட்டை போனால் போக வேண்டாமா?

அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டார். "கைக்கு பாய்? எதுக்குக் குறைக்கணும்? தட்டை போனா என் ஷெட்டு சுருங்கிடுமா?"

திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. வாடகை குறையாது. மொத்தமும் பொடி தலையில் ஏறும். அப்போது பொடியும் நஷ்டம். அதையும் நிறுத்தினால்... காலி ஷெட்டைப் பூட்டி வைத்து அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பேன்! இப்போது தட்டை கிலோவுக்கு எண்பது ரூபாயாவது வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறதே?

நடுரோட்டில் நின்று முரளிக்கு போன் போட்டு, வாடகையை வேறு மாதிரி பிரித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"எடையை வெச்சுப் பிரிச்சா பொடியில நஷ்டம், தட்டையில லாபம் மாமா. வாடகைய பிரிக்காமலே பாத்தா ரெண்டுலயும் லாபம்."

"இதுல எதுடா நிஜம்?"

"மூணும் நிஜம்தான். எதுக்காகக் கேக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. நான் நிறுத்தச் சொன்னேனா? நஷ்டம்னுதானே சொன்னேன்?"

உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு இன்னும் பாதிதான். யாராவது 'நஷ்டம்' என்று சொன்னால், அலறுவதற்கு முன்னால் 'எதை வைத்துப் பிரித்தாய்?' என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஷெட்டுக்குப் போனால், யாதம்மா மாவைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். "பிசை, பிசை" என்றேன்.

"நாளைக்கு மறுபடி கணக்குப் போடுவீங்களா சார்?"

"நக்கோ யாதம்மா, வேண்டவே வேண்டாம்!"

டம்ளர் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அப்போதும் ஒரு கவலை பாக்கி. அந்தக் கணக்கில் என்னை எங்கே சேர்த்திருக்கிறான்? மறுபடி போன்.

"நீங்க ஓவர்ஹெட் மாமா. எதை நிறுத்தினாலும் குறையாத செலவு."

பாராட்டா, திட்டா? கலாவைக் கேட்டால் சிரிக்கிறாள்.